ஒரே வீடு, ஒரே தட்டு: சென்னைக் காசநோய் ஆய்வுகள் பற்றி நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கருங்கல் பக்கம் எங்கள் வீடு. அம்மா அண்டி ஆபீசில் (முந்திரித் தொழிற்சாலையில்) வேலை பார்த்து எங்களை வளர்த்தவள். கல்லூரி முடித்த வருடம் எனக்கு நுரையீரலில் காசநோய் என்று தெரிந்தது. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டுக் குணமானேன். அந்த ஆறு மாதமும் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், பின்பக்கச் சாய்ப்பில் தனிப் பாய். அம்மா அதை வெறுப்பில் செய்யவில்லை, பயத்தில் செய்தாள். அந்தத் தட்டைக் கழுவும்போது அவள் அழுததை நான் பார்த்திருக்கிறேன்.

இப்போது நோயாளிகள் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடத் துணையாக இருக்கும் வேலையைத் தன்னார்வமாகச் செய்கிறேன். அதற்காகப் படிக்கத் தொடங்கியபோதுதான் சென்னையில் நடந்த பழைய ஆய்வுக் கட்டுரைகள் கையில் கிடைத்தன. என்னை மாதக்கணக்கில் ஒதுக்கி வைத்ததற்குத் தேவையே இருக்கவில்லை என்பது அம்மா சிறுமியாக இருந்த காலத்திலேயே அச்சில் வந்திருக்கிறது. அது எங்கள் வீடு வரைக்கும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். வீடுகளிலும் கோயில் திண்ணையிலும் சர்ச் முற்றத்திலும் ரேஷன் கடை வரிசையிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே எழுதி, அந்த ஆய்வுகளின் துணையோடு பதில் சொல்கிறேன்.

எந்த ஆய்வு அது? யார் செய்தார்கள்?

1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சைக்கான ஆய்வு மையம் ஒன்று தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து அதைத் தொடங்கின. அதே வருடம் நவம்பர் 1-ஆம் தேதிதான் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தை விட்டுச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கும் அந்த மையத்துக்கும் ஒரே வயது.

மையத்தை முதலில் நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். சி.வி. ராமகிருஷ்ணன், எஸ். தேவதத்தா, புள்ளியியல் அறிஞர் எஸ். ராதாகிருஷ்ணா போன்றவர்கள் கூட உழைத்தார்கள். அன்று நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். சானடோரியம் என்ற தனிக் காசநோய் மருத்துவமனைகளின் படுக்கைகளோ அதில் ஒரு சிறு பங்குக்குக்கூடக் காணாது. ஐசோனியாசிட், பிஏஎஸ் என்ற மருந்துகள் வந்துவிட்டன. இவற்றை வீட்டில் வைத்தே கொடுத்தால் நோய் குணமாகுமா என்பதுதான் அவர்கள் முன்னால் இருந்த கேள்வி.

சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு ஓராண்டு சானடோரியத்தில் இருந்தது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. இன்னொரு பிரிவு தங்கள் நெருக்கடியான வீடுகளிலேயே இருந்து மையத்துக்கு வந்து மருந்து வாங்கிக்கொண்டது. இரு பிரிவுக்கும் மருந்து ஒன்றுதான். வீட்டில் இருந்தவர்கள் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்கச் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

ஓராண்டு முடிவில் கிருமி அடங்கியிருந்தவர்கள் வீட்டுப் பிரிவில் 86 சதவீதம், சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். வித்தியாசம் சிறியது. 1959-ல் இது உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்தக் கட்டுரை ஒரு முக்கியக் காரணம்.

வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்தால் மற்றவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளாதா?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அந்த ஆய்வாளர்களும் இதைத்தான் பயந்தார்கள். அதனால் நோயாளிகளின் குடும்பத்தாரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அதன் முடிவு 1966-ல் வெளிவந்தது. நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்த குடும்பங்களில் புதிதாக நோய் வந்தவர்கள், நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிய குடும்பங்களைவிட அதிகம் இல்லை.

ஏன் என்று யோசித்தால் புரியும். இருமத் தொடங்கி, கடையில் சிரப் வாங்கிக் குடித்து, "புகைச்சல்தான், சரியாகிவிடும்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்ட அந்த நாட்களில்தான் கிருமி வீட்டுக்குள் பரவுகிறது. மாத்திரை தொடங்கியதும் சளியில் கிருமியின் எண்ணிக்கை வேகமாக இறங்குகிறது. ஆக, யாருக்கு நோய் என்று தெரிந்துவிட்டதோ, யார் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாரோ, அவரைக் கண்டு பயப்படுவதில் பொருள் இல்லை. சோதிக்காமல் இருமிக்கொண்டே நடமாடுகிறவரைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

முதல் சில வாரங்கள் சன்னலைத் திறந்து வையுங்கள், இருமும்போது துணியால் வாயை மூடச் சொல்லுங்கள், முகக்கவசம் இருந்தால் போட்டுக்கொள்ளட்டும். கைக்குழந்தையை மட்டும் அந்த நாட்களில் கொஞ்சம் தள்ளிப் படுக்க வைக்கலாம்.

தட்டு, டம்ளர், துணி?

தனியாக வேண்டாம். காசநோய் காற்று வழியாகப் பரவுகிறது. தட்டு வழியாகவோ, டம்ளர் வழியாகவோ, துவைத்த துணி வழியாகவோ, கைகுலுக்குவதாலோ பரவுவதில்லை. ஒரே பானையில் சோறு பொங்கி, ஒரே சட்டியில் மீன்கறி வைத்து எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்.

அப்படியானால் பாட்டா காலத்தில் ஏன் ஆசாரிப்பள்ளத்தில் கொண்டுபோய் விட்டார்கள்?

இன்று மருத்துவக் கல்லூரி நிற்கும் ஆசாரிப்பள்ளம் வளாகம் முன்பு காசநோய் மருத்துவமனையாக இருந்தது. "ஆசாரிப்பள்ளத்துக்குக் கொண்டுபோயாச்சு" என்று சொன்னால் என்ன நோய் என்று விளக்க வேண்டாம். சயரோகம் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லத் தயங்கிய காலம் அது.

அன்று அது தவறும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது 1940-களில். ஐசோனியாசிட் 1952-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் ஓய்வும் காற்றும் சாப்பாடும் தவிர மருத்துவர் கையில் பெரிதாக எதுவும் இல்லை. தனிமைப்படுத்தியது ஊரைக் காப்பாற்ற. மருந்து வந்த பிறகும் அந்தப் பழக்கம் மட்டும் நம் வீடுகளில் தங்கிவிட்டது. என் அம்மாவுக்கு அதைக் கற்றுக்கொடுத்தது அவளுடைய அம்மா.

குலுக்கல் போட்டுப் பிரித்தார்களாமே? மனுசன் உயிரில் குலுக்கலா?

ஆமாம், யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. குலுக்கல் முறையில்தான் முடிவானது. காரணம் இருக்கிறது. மருத்துவரே தேர்ந்தெடுத்தால் நோய் முற்றியவர்களை இரக்கப்பட்டுச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். பிறகு சானடோரியத்தில் அதிகம் பேர் இறந்தால் அது சானடோரியத்தின் குற்றமா, நோய் முற்றியதன் விளைவா என்று யாராலும் சொல்ல முடியாது. குலுக்கல் போட்டால் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள் வருவார்கள். மருந்து இரு பக்கமும் ஒன்றே. எது மேல் என்று தெரியாதபோதுதான் இதைச் செய்யலாம். தெரிந்த பிறகு செய்தால் அது அநியாயம்.

இனி "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று யாராவது ஒரு பொடியையோ லேகியத்தையோ விற்க வந்தால், எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், யாரோடு ஒப்பிட்டீர்கள், எப்படிப் பிரித்தீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வராது.

சாப்பாடு முக்கியமா இல்லையா? ஒருத்தர் முக்கியம் என்கிறார், ஒருத்தர் மாத்திரை போதும் என்கிறார்.

இதில் நான் பல நாள் குழம்பியிருக்கிறேன். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்னைக் குழு 1961-ல் சாப்பாட்டைப் பற்றியே தனிக் கட்டுரை ஒன்று வெளியிட்டது. சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம் கூடினார்கள். வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு மோசம். இருந்தும் கிருமி அழிவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மருந்து சரியாகப் போனால், சாப்பாடு குறைவாக இருந்தாலும் கிருமி சாகும் என்பது அந்தக் கட்டுரையின் முடிவு. ஏழை நாட்டுக்கு அன்று அது பெரிய ஆறுதல். பாலும் முட்டையும் வாங்க வழியில்லாதவரும் பிழைக்கலாம் என்று அது சொன்னது.

ஆனால் காலப்போக்கில் அதை "சாப்பாடு முக்கியமில்லை" என்று சுருக்கிப் புரிந்துகொண்டார்கள். கட்டுரை பார்த்தது மருந்து சாப்பிடும் நோயாளியின் சளியில் கிருமி போய்விட்டதா என்பதை. எலும்பும் தோலுமாக வருகிற நோயாளி முதல் இரண்டு மாதம் தாண்டுவாரா, அதே அடுப்பில் சாப்பிடும் மற்றவர்களுக்கு நோய் வருமா என்பவை வேறு கேள்விகள்.

அந்தக் கேள்விகளுக்கு 2023-ல் பதில் வந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவர்கள் தலைமையில் ஜார்க்கண்டின் 4 மாவட்டங்களில் நடந்த ஆய்வு அது. சென்னை மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கெடுத்தது. 2,800 நோயாளிகள், அவர்கள் வீடுகளில் இருந்த 10,345 பேர். நோயாளிகள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப் பொட்டலம் கிடைத்தது: அரிசி, பருப்பு, பால்பொடி, எண்ணெய், கூடவே சத்து மாத்திரை. ஒரு பிரிவில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் சேர்த்து அரிசியும் பருப்பும் கொடுத்தார்கள். அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்தால் 48 சதவீதம். தடுப்பூசி செய்ய முடியாததை அரிசியும் பருப்பும் செய்தன!

நோயாளிகளிலும் ஒன்றைக் கவனித்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. 40 கிலோ இருப்பவருக்கு 5 சதவீதம் என்றால் 2 கிலோ. எட்டிப் பிடிக்கக்கூடிய தூரம்தான்.

இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால் முரண்பாடு எதுவும் இல்லை. கிருமியை மாத்திரை கொல்கிறது. மாத்திரை வேலை முடிக்கும்வரை ஆளை உயிரோடு வைத்திருப்பதும், வீட்டில் உள்ளவர்களை நோய் அண்டாமல் காப்பதும் சாப்பாடு. எனக்கு எண்பது ரூபாய் சத்துமாவு டப்பாவைவிடக் கூடுதலாக ஒரு கைப்பிடி சிறுபயறு கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

நம் ஊர்ச் சாப்பாட்டில் என்ன கொடுக்கலாம்?

மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், தெம்பும் தரும். ஆனால் புரதம் மிகக் குறைவு. கிழங்கும் கட்டன் சாயாவும் மட்டுமே சாப்பாடு என்றால் போதாது. அதோடு சாளையோ நெத்தோலியோ சேரட்டும். விலை குறைந்த மீன்தான் நமக்கு நல்ல மருந்து. கஞ்சி என்றால் பயறு கூட இருக்க வேண்டும். முட்டை, கடலை, பால், மட்டிப்பழம் என்று கிடைப்பதைக் கொடுங்கள். மீன், முட்டை சாப்பிட்டால் "சூடு", புண் ஆறாது என்று பத்தியம் சொல்லி நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

சிகிச்சைக் காலத்தில் மத்திய அரசின் ஊட்டச்சத்து உதவித்தொகை வங்கிக் கணக்குக்கு வரும். 2018-ல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. கணக்கு எண்ணைக் கொடுக்காமல் விட்டவர்கள் பலர். கேட்டு வாங்குங்கள்.

மாதம் ஒரு தடவை எடை பாருங்கள். எண்ணை எழுதி வையுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதே இல்லையா?

சிலருக்குக் கட்டாயம் வேண்டும். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தோடு சேர்ந்து தமிழக அரசு 2022-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. பெயர் தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் தெரிந்த உடனே எடை, உயரம், கால்வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். இதில் மோசமாக இருப்பவரை உடனே படுக்கையில் சேர்ப்பார்கள். காசநோய் மரணங்களில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களில் நடப்பதால்தான் இந்த அவசரம். உங்கள் வீட்டில் ஒருவர் தானாக எழுந்து நிற்க முடியாமல் இருந்தால், மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள்.

முன்பெல்லாம் வாரம் மூன்று நாள் மாத்திரை. இப்போது ஏன் தினமும்?

1964-ல் சென்னை மையம், நேரில் பார்த்துக் கொடுத்தால் வாரம் இரண்டு நாள் மருந்தே போதும் என்று காட்டியது. ஒரு ஆள் எதிரில் இருந்து மாத்திரை விழுங்க வைக்கும் முறை உலகெங்கும் பரவியதற்கு அதுவும் ஒரு வேர். இந்தியாவில் நெடுங்காலம் வாரம் மூன்று நாள் முறை நடந்தது. பிறகு அதே நிறுவனம் எச்ஐவியும் காசநோயும் சேர்ந்து இருப்பவர்களிடம் சோதித்தது. தினமும் சாப்பிட்டவர்களில் 91 சதவீதம் பேருக்கு நல்ல பலன், வாரம் மூன்று நாள் சாப்பிட்டவர்களில் 77 சதவீதம். அந்த முடிவு 2018-ல் அச்சானது. நாடு முழுவதும் 2017 முதலே தினசரி முறைக்கு மாறிவிட்டது. தாங்கள் முன்பு சொன்னதைத் தாங்களே மறுபடி சோதித்துத் திருத்தியவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிட்டது. நிறுத்தலாமா?

கூடாது. ஆறு மாதமும் முடிய வேண்டும். பாதியில் விட்டால் மிஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம்.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகிறது.

ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் அது, பயப்பட வேண்டாம். கண் மஞ்சளாவது, தொடர்ந்து வாந்தி, பார்வை மங்குவது என்றால் மட்டும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். குடிப்பழக்கம் இருந்தால் இந்த மாதங்களில் விட்டே ஆக வேண்டும், ஈரல் தாங்காது.

என் வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போகிறவர். கரைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். எப்படி மாத்திரை சாப்பிடுவார்?

தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கம் அதிகம் வரும் கேள்வி. நோய் சொன்னால் போட்டில் ஏற்ற மாட்டார்கள் என்று மறைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் சில வாரங்கள் கரையில் இருப்பதே நல்லது. போட்டின் அறையில் பத்துப் பேர் நெருக்கிப் படுக்கும் இடம் அது. உடம்பும் அதற்குள் கொஞ்சம் தேறும். பிறகு போகும்போது முன்கூட்டியே சுகாதார நிலையத்தில் சொல்லி, போகும் நாட்களுக்கும் சில நாட்கள் கூடுதலாகவும் மாத்திரை கேளுங்கள். தண்ணீர் புகாத டப்பாவில் வையுங்கள். போட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, தினமும் நினைவுபடுத்தச் சொல்லுங்கள். கொச்சியிலோ குஜராத்திலோ கரை ஏறினாலும் அங்கேயே மருந்து வாங்க முடியும். நோயாளியின் பதிவு நாடு முழுவதும் ஒன்றுதான். கேரளத்துக்கு ரப்பர் பால்வெட்டவும் கட்டட வேலைக்கும் போகிறவர்களுக்கும் இதே பதில்தான்.

சர்க்கரை இருக்கிறது. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறைய உண்டு. சர்க்கரை உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 2012-ல் வெளியான ஆய்வுகளில், தமிழ்நாட்டுக் காசநோயாளிகளில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. கேரளத்தில் 44 சதவீதம். நாம் இரண்டுக்கும் நடுவில் வாழ்கிறோம், சாப்பாடும் பழக்கமும் இரண்டையும் போலத்தான். காசநோய் என்று தெரிந்தால் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரைக்காரருக்கு இரண்டு வாரம் இருமல் நீடித்தால் சளியைச் சோதியுங்கள். கல் உடைக்கும் குவாரியில் வேலை பார்த்தவர்களுக்கும் இதையே சொல்வேன், கல்தூசி படிந்த நுரையீரலைக் கிருமி எளிதில் பிடிக்கும்.

சின்ன வயதில் பிசிஜி ஊசி போட்டிருக்கிறதே?

அந்த ஊசி குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய காசநோயிலிருந்து காக்கிறது. அதற்காகக் கட்டாயம் போட வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் காசநோய்க்கு அதை நம்ப முடியாது. 1968-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் சேர்த்துத் தொடங்கிய ஆய்வு, 15 வருடம் கவனித்து இதைத்தான் கண்டது. விரும்பிய முடிவு வராதபோதும் அதை மறைக்காமல் வெளியிட்டார்கள்.

வீட்டில் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லை என்று உறுதியானால் வராமல் தடுக்கவும் மாத்திரை இருக்கிறது. வாரம் ஒரு தடவை வீதம் 12 வாரம், அல்லது தினமும் ஒன்று வீதம் ஆறு மாதம். எது என்று மருத்துவர் சொல்வார்.

தனியாரில் பார்த்தாலும் பெயர் அரசாங்கத்துக்குப் போகுமா?

போகும். 2012 முதல் அது கட்டாயம். ஊருக்குத் தெரியப்படுத்த அல்ல, இலவச மருந்தும் உதவித்தொகையும் உங்களுக்கு வந்து சேரவும், நடுவில் நின்றுபோனால் ஒருவர் விசாரிக்கவும்தான்.

என் மகளுக்கு வந்து குணமாகிவிட்டது. பெண் கேட்டு வருகிறவர்களிடம் சொல்ல வேண்டுமா?

இதற்கு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் பதில் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன். என்னைப் பெண் கேட்டு வந்தபோது அம்மா "ஒண்ணும் சொல்லாண்டாம் மக்கா" என்றாள். நான் சொன்னேன். ஒரு குடும்பம் அதோடு நின்றுவிட்டது. அடுத்து வந்தவரின் தாயார், தன் தம்பிக்கும் இருந்தது என்றும் இப்போது அவர் ரப்பர் தோட்டத்தில் நன்றாக வேலை பார்க்கிறார் என்றும் சொன்னார். அந்த வீட்டுக்குத்தான் நான் போனேன். முழுதாகச் சிகிச்சை முடித்த பெண் குழந்தை பெறலாம், பால் கொடுக்கலாம். சொல்வதா வேண்டாமா என்பதை மட்டும் உங்கள் மகளே முடிவு செய்யட்டும்.

சோதனைக்கு எங்கே போவது?

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் வியர்வை, சளியில் ரத்தம், இவற்றில் ஒன்று இருந்தாலும் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இல்லையென்றால் தக்கலை அரசு மருத்துவமனை, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. சோதனையும் மருந்தும் இலவசம். கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-11-6666. காலையில் எழுந்ததும் வாய் கொப்பளித்துவிட்டு, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள். வெறும் எச்சிலைக் கொடுத்தால் கிருமி இருந்தும் தெரியாமல் போகும்.